பிள்ளைகளோடு டை அண்ட் டை: கேளுங்கள், சொல்கிறேன்

சத்துவாச்சாரி: அக்கா, ஏழு வயது மகளோடு பனியனுக்கு முடிச்சுச் சாயம் போட ஆசை. எங்கே தொடங்குவது?

துணியில் தொடங்குங்கள். சுத்தப் பருத்தி பனியனைச் சோப்புப் போட்டு அலசினால் கஞ்சி போகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாலு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து, 20 நிமிடம் ஊறவைத்துப் பிழியுங்கள். நடுவில் கிள்ளிப் பிடித்து, முறுக்கு சுற்றுகிற மாதிரி சுருட்டி, ரப்பர் பேண்ட் போடுவது மகள் வேலை. ரியாக்டிவ் சாயப் பொடியை (பருத்தி நூலோடு வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும் சாயம்) கரைப்பது உங்கள் வேலை: முகக்கவசம் கட்டி, ஃபேனை அணைத்துவிட்டு. பொடி மூச்சில் போகக் கூடாது. கரைத்ததைச் சாஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுங்கள். இருவருக்கும் கையுறை வேண்டும். சாயம் விட்டதும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ராத்திரி முழுக்க வையுங்கள். இந்தச் சாயத்துக்குச் சூடு பிடிக்கும், அதில் நம்ம வேலூருக்குக் குறையே இல்லை. காலையில் ரப்பர் பேண்டோடு பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் பிரியுங்கள்.

குடியாத்தம்: ஆப்ப சோடா போதுமா?

போதாது. இந்தச் சாயம் பருத்தியில் பிடிக்கத் தேவையான காரத்தன்மை அதில் பத்தாது.

ஆற்காடு: வினிகர் விட்டால் சாயம் நிற்குமாமே?

பட்டு, கம்பளிக்குப் போடும் அமிலச் சாயத்துக்கு அது சரி. பருத்திக்கு வினிகர் விட்டால் சோடா செய்த வேலையும் கெடும்.

வாணியம்பாடி: மிச்சச் சாயத்தைக் கால்வாயில் கொட்டலாமா? பாலாறு பார்க்காத கழிவா?

இந்தப் பேச்சுதான் எனக்குப் பிடிக்காது. பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து நம் ஊர்க்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் தீர்ப்பு வந்தது. ஒரு வாளிக்கும் அதே நியாயம்தான். நிறத்துக்கு 100 மில்லி மட்டும் கரையுங்கள், மிச்சமே வராது.

ராணிப்பேட்டை: தோல் வேலையில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. சும்மா இழுக்காதீர்கள்.

உங்கள் வேலையைக் குறை சொல்லவில்லை தம்பி, கழிவைத்தான் சொன்னேன்.

வாணியம்பாடி: ஒரு வாளிக்கு இவ்வளவா?

ஆமாம்.

காட்பாடி: சமையல் சோடா போட்டால்...

குடியாத்தத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். பாக்கெட்டில் பெயர் மாறினாலும் சரக்கு ஒன்றுதான்.

காட்பாடி: பழைய சீருடைச் சட்டை? பாலியெஸ்டர் கலந்தது.

வெளிறித்தான் வரும். சமையல் பாத்திரத்தில் மட்டும் சாயம் கரைத்துவிடாதீர்கள்!

திருப்பத்தூர்: நாலு வயதுப் பையன். சாயப்பொடி பயமாக இருக்கிறது அக்கா.

மஞ்சள் தூளில் விளையாட விடுங்கள். மஞ்சள் தண்ணீரில் நனைத்த கைக்குட்டையை நீங்களே கையுறையோடு சோடா தண்ணீரில் முக்குங்கள், சிவந்து போகும். அவன் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். வெயிலில் நாலு நாள் காய்ந்தால் வெளுத்துவிடும். அதனால் என்ன, இன்னொரு தடவை முக்கலாம்.