பொன்னியின் செல்வனுக்குப் பிறகு எதுவும் 30 பக்கம் தாண்டவில்லை என்றால்

கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமத்தை எடுங்கள். ஐந்து பாகத்தையும் முடித்த கையோடு இன்னொரு சரித்திர நாவலைத் தேட வேண்டாம், இப்போதைக்கு அது எடுபடாது.

நீங்கள் 30 பக்கத்தில் நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பழக்கம்தான். பொன்னியின் செல்வன் 1950 முதல் கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர்கதை, அடுத்த வாரம் வரை வாசகர் காத்திருக்க வேண்டும் என்பதால் அத்தியாயம் முடிகிற இடத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள், ஒரு நிழல் அசையும். அந்த இழுப்புக்குப் பழகிய மனம் மற்ற நாவல்களிலும் அதையே எதிர்பார்க்கும்.

கோபல்ல கிராமத்தின் தொடக்கத்திலேயே நகைக்காக ஒரு பெண் கொல்லப்படுகிறாள், கொன்றவனைப் பிடித்து ஊரின் பெரிய குடும்பமான கோட்டையார் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அதுவரை மட்டும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். அப்புறமும் கை அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை என்றால் வைத்துவிட்டு அசோகமித்திரனின் 18வது அட்சக்கோடுக்குப் போங்கள்: 1947-48 செகந்திராபாத், கிரிக்கெட் ஆடுகிற ஒரு கல்லூரிப் பையன், ஊர் அவனைச் சுற்றி மெல்ல மெல்லக் கலவரமாகிறது.

ஒரு விஷயம், கி.ரா.வின் கரிசல் வட்டாரப் பேச்சு முதலில் தடுக்கும். வாய்விட்டு நாலு பக்கம் படித்தால் காதுக்குப் பழகிவிடும்.

நான் இப்போது தி. ஜானகிராமனின் மோகமுள்ளை இரண்டாம் முறையாகப் படிக்கிறேன், பாட்டு வாத்தியார் ரங்கண்ணா வருகிற பக்கங்களை வேகமாகத் தாண்டவே மனசு வருவதில்லை. பொன்னியின் செல்வனுக்கு முன்னால் உங்களைப் பிடித்து வைத்த புத்தகம் எது? சொல்லுங்கள், அடுத்து அதைத்தான் படிக்கப் போகிறேன்.