இரவு தூங்காத பத்தாம் வகுப்புப் பையன்

அக்கா, பையன் நள்ளிரவு வரை விழித்திருக்கிறான், காலை 5 மணிக்கு டியூஷனுக்கு எழுப்பினால் எரிந்து விழுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். சோம்பேறி என்று திட்டாதீர்கள். இந்த வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே ஓரிரு மணி நேரம் தள்ளிப்போகும். தேவையோ 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். கணக்கு இடிக்கிறது இல்லையா? முதலில் அந்த விடியற்கால டியூஷனை மாலைக்கு மாற்றப் பாருங்கள். போனைப் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். 10 மணிக்கு மேல் எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும், அவன் அப்பாவுடையதும் சேர்த்துத்தான்! அப்புறம், சாப்பாடு குறைந்து, நண்பர்களையும் ஒதுக்கி, இரண்டு வாரமாக வாடியே இருந்தால் காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.