காவிரி டெல்டாவில் சுருட்டு கெடாமல் இருக்க எந்த ஈரப்பத முறை நல்லது?

உங்கள் கேள்வி இது: வீடு மயிலாடுதுறையில். துபாயிலிருந்து மச்சான் 25 கியூபா சுருட்டு உள்ள பெட்டி ஒன்று கொண்டு வந்திருக்கிறார். ஒரு வருடம் வைத்து நிதானமாகப் புகைக்க வேண்டும். ஸ்பாஞ்ச் வைத்த மரப்பெட்டி வாங்குவதா, ஜெல் வாங்குவதா, ஈரப்பதப் பை வாங்குவதா? அப்பாவின் உறையூர் சுருட்டையும் அதிலேயே போடலாமா?

நானும் டெல்டாக்காரன்தான், திருவாரூர் பக்கம். நம் ஊர்க் காற்றில் சுருட்டு வைத்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். 65 சதவீதம் என்று அச்சிட்ட இருவழி ஈரப்பதப் பையை (ஈரத்தை விடவும் இழுக்கவும் செய்யும் பை) வாங்குங்கள். மூடியில் ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத டப்பா ஒன்றும் வேண்டும். மற்ற எதற்கும் இப்போது பணம் போட வேண்டாம்.

சுருட்டு பாதுகாப்பு பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர் நாடுகளில் எழுதியது. அங்கே பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது வீட்டுக் காற்று வறண்டு, சுருட்டின் மேலிலை வெடித்துவிடும். அதனால் அவர்களுடைய கருவிகள் எல்லாமே தண்ணீரை ஏற்றுவதற்காகச் செய்தவை. நமக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் காற்றே தண்ணீராக இருக்கிறது. அடுப்படியில் இருக்கும் உப்பைப் பாருங்கள். சுத்தமான தூள் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கசியும். (கல் உப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் அது முன்னதாகவே நசநசக்கும், அதை அளவுகோலாக எடுக்க வேண்டாம்.) அடைமழை நாளில் தூள் உப்பே கசிகிறது என்றால் அந்த அறையின் காற்று சுருட்டில் பூசணம் பிடிக்கும் எல்லைக்கு வந்துவிட்டது. அந்தக் காற்றுக்கு நடுவே பெட்டிக்குள் ஈர ஸ்பாஞ்சையும் வைத்தால் பூசணத்துக்கு நாமே இடம் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

ஆனால் டெல்டா வருடம் முழுக்க ஈரமாகவும் இருப்பதில்லை. நாகப்பட்டினம், தரங்கம்பாடி போன்ற கடற்கரை ஊர்களில் கோடையிலும் காற்று பிசுபிசுக்கும். உள்ளே தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் வைகாசி, ஆனி மதியங்களில் மேல்காற்று அடித்தால் துணி அரைமணியில் காய்ந்துவிடும். ஏசி போட்ட அறையும் அப்படித்தான், குளிர்விக்கும்போதே ஏசி காற்றில் உள்ள நீரையும் இழுத்து வெளியே விட்டுவிடுகிறது. இது புகையிலைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். காய்ந்த இலை பனி ஏறிய விடியற்காலையில் பதமாக மடியும், வெயில் ஏறிவிட்டால் கைபட்டதும் பொடியும். ஒரே நாளுக்குள் இலை இவ்வளவு மாறுகிறது. ஆகவே நமக்கு வேண்டியது கொடுக்கவும் தெரிந்து, வாங்கவும் தெரிந்த ஒரு பொருள்.

அந்தக் கணக்கில் ஸ்பாஞ்சும், பூ அலங்காரத்துக்கு வைக்கும் பச்சை நுரையும் முதலிலேயே கழிந்துவிடுகின்றன. ஜெல் உருண்டைகள் தண்ணீரை விடும், ஆனால் கூடுதல் ஈரத்தை நம்பத்தக்க அளவுக்குத் திரும்ப எடுக்காது. புரோப்பிலீன் கிளைகாலையும் காய்ச்சி வடித்த நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஸ்பாஞ்சில் ஊற்றும் பழைய முறை ஒன்று உண்டு. அந்தக் கலவை தன்னைச் சுற்றி ஏறத்தாழ 70 சதவீதத்தைக் காக்கும் என்பது உண்மைதான். ஆனால் மழைக்காலத்தில் சரியாக மூடாத மரப்பெட்டிக்குள் நுழையும் ஈரத்தை ஒரு சின்ன ஸ்பாஞ்ச் இழுத்துத் தீராது. சிலிக்கா மணிகள் இரண்டு வேலையும் செய்யும், நூற்றுக்கணக்கில் சுருட்டு வைத்திருப்பவருக்கு அதுதான் கட்டுபடி ஆகும். ஆனால் அவற்றை அவ்வப்போது நனைக்கவும் உலர்த்தவும் ஆள் வேண்டும். மின்சாரத்தில் ஓடும் கருவி 25 சுருட்டுக்கு அவசியமே இல்லை.

ஈரப்பதப் பைக்குள் இருப்பது, நீரில் கரையும் மட்டும் கரைத்த உப்புக் கரைசல். ஒவ்வொரு உப்பின் நிறை கரைசலும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைத் தனக்கே உரிய ஒரு ஈரப்பதத்தில் நிறுத்தும். சாப்பாட்டு உப்பு என்றால் 75, மக்னீசியம் குளோரைடு என்றால் 33 அளவில். பையின் மேல்தாள் நீராவியை மட்டும் இரண்டு பக்கமும் விடும், கரைசல் வெளியே வராது. போவெடா என்ற பெயரில் வருவது இதுதான், வேறு கம்பெனிகளும் செய்கின்றன. 25 சுருட்டுக்கு 60 கிராம் பை ஒன்று என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. நான் இரண்டு வைக்கச் சொல்வேன். அதனால் ஈரம் கூடிவிடாது, அளவு பையில் அச்சிட்டபடியேதான் நிற்கும், பை உழைக்கும் காலம்தான் கூடும். உள்ளே முழுக்கக் கட்டியாகிவிட்டால் பை தீர்ந்துவிட்டது. அளவுக்கு மீறி உப்பி நீராக ஆடினால் டப்பா எங்கோ காற்று விடுகிறது என்று அர்த்தம், முதலில் மூடியைப் பாருங்கள்.

69, 72 என்றும் பைகள் கிடைக்கும். நமக்கு 65 போதும். நம் வெப்பத்தில் பூசணத்துக்கும் நமக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருப்பது நல்லது, 65-இல் சுருட்டு சீராக எரியவும் செய்யும்.

இப்போதைக்கு மரப்பெட்டி வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதன் மூடிதான். விலை குறைந்த பெட்டிகளில் இடுக்கு வழியே மழைக்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். மரவாசனை வேண்டும் என்றால், சுருட்டு வந்த பெட்டியையே டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள். சுருட்டுப் பெட்டிக்குப் பெரும்பாலும் பயன்படும் செட்ரெலா மரம் நம் வேம்பின் குடும்பம்தான், அந்த வாசனை சுருட்டோடு ஒத்துப்போகும். புது பிளாஸ்டிக் டப்பா என்றால் கழுவி, வாசனை போகும்வரை திறந்து காயவிடுங்கள். பீரோவில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்துருண்டை, கற்பூரம், சாம்பிராணி எல்லாவற்றையும் புகையிலை இழுத்துக்கொள்ளும், பிறகு எடுக்க முடியாது.

ஈரத்தைவிட எனக்கு அதிகக் கவலை வெப்பத்தில்தான், பலரும் இதைக் கேட்பதே இல்லை. ஏசி ராத்திரி மட்டும் ஓடும் அறையில் டப்பாவை வைத்தால் தினமும் அது சூடாகிக் குளிரும். 28 டிகிரியில் 70 சதவீதம் உள்ள காற்றை அப்படியே 22 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஏறக்குறைய 100 சதவீதத்தைத் தொட்டுவிடும். பையும் புகையிலையும் கொஞ்சம் இழுத்துச் சமாளிக்கும், ஆனாலும் இந்த ஏற்ற இறக்கம் தினமும் வேண்டாம். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையை விடுத்து, தரைத்தளத்தில் வெயில் படாத உள்ளறையில் வையுங்கள். மீன் கொண்டு வரும் தெர்மாகோல் பெட்டி போலப் புதிதாக ஒன்று வாங்கி, டப்பாவை அதற்குள் வைத்தால் வெப்பம் ஏறுவதும் இறங்குவதும் மெதுவாகும். கரண்ட் போன மதியத்திலும் தாங்கும். ஃபிரிட்ஜில் நிரந்தரமாக வைக்க வேண்டாம், அது இலையை உலர்த்தும், வாசனையும் ஏறும்.

வெப்பம் கூடினால் புகையிலை வண்டு வரும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். சேமித்து வைத்த மஞ்சளையும் மிளகாயையும் துளைப்பதும் இதே வண்டுதான். முட்டை சுருட்டுக்குள்ளேயே வந்திருக்கலாம், 24 டிகிரிக்கு மேல் போகப் போகப் பொரிக்கும் ஆபத்து கூடும், நம் வீடுகள் வருடத்தில் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கின்றன. அதனால் வைப்பதற்கு முன்பே உறைய வைத்துவிடுங்கள். ஜிப் பைக்குள் ஜிப் பையாக இரண்டு அடுக்குப் போட்டு, ஒரு நாள் ஃபிரிட்ஜில், மைனஸ் 18 டிகிரி உள்ள ஃப்ரீசரில் குறைந்தது மூன்று நாள், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜில், அப்புறம் வெளியே. அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த சுருட்டில் நம் ஊர்க் காற்று பட்டால் உடனே வியர்த்துவிடும், நனைந்த மேலிலை வெடிக்கும்.

சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று டப்பாவுக்குள் இருக்கட்டும். விலை குறைந்தவை ஐந்து சதவீதம் வரை தப்பாகக் காட்டும், அதைச் சரிபார்க்கவும் உப்பு போதும். பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டு நீர் விட்டு, மானியோடு ஜிப் பையில் மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் எப்போதும் நாலைக் கூட்டிப் படியுங்கள்.

உறையூர் சுருட்டைத் தனியாகவே வையுங்கள். பழைய திருச்சினாப்பள்ளிச் சுருட்டின் வழியில் வந்தது, வாசம் காட்டமானது. மூடிய டப்பாவில் ஒரு மாதம் சேர்ந்து கிடந்தால் மச்சான் கொண்டு வந்ததும் அதே வாசம் அடிக்கும். அப்பா உலர்வாகப் புகைத்துப் பழகியவர் என்றால் அதற்குப் பையே தேவையில்லை. மழை மாதங்களில் மட்டும் மூடி இறுக்கமான ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொடுங்கள்.