பெர்பெரின், பூண்டு போன்றவை குடல் பாக்டீரியா தொற்றைக் குணப்படுத்துமா?

ஆய்வகத் தட்டில் கொல்வது வேறு, குடலுக்குள் கொல்வது வேறு. ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களுக்கு வெளிப்புறமாக இன்னொரு சவ்வு உண்டு. அதையும் தாண்டி உள்ளே போகும் சேர்மத்தைக் கிருமியின் வெளியேற்றுப் பம்புகள் திருப்பித் தள்ளிவிடும். பெரும்பாலான தாவரச் சேர்மங்கள் தோற்பது இங்கேதான்.

மனிதர்களிடம் ஓரளவு சோதிக்கப்பட்டது, மரமஞ்சள் போன்ற செடிகளில் இருக்கும் பெர்பெரின். 1987-இல் வெளியான வங்கதேச ஆய்வில், நச்சு சுரக்கும் ஈ.கோலை வயிற்றுப்போக்குக்கு ஒரே வேளை 400 மி.கி. கொடுத்ததில் மலத்தின் அளவு குறைந்தது. காலராவில் பலன் சொற்பம். பெர்பெரின் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்வதால் பெரும்பகுதி குடலிலேயே தங்கும். இங்கே அது சாதகம். குடல் சுவரைத் துளைத்து உள்ளே போன கிருமிக்கு அதுவே பாதகம்.

பூண்டில் கிருமியைக் கொல்லும் சேர்மமான அல்லிசின், பற்களை நசுக்கும்போதுதான் உருவாகிறது. முழுப் பல்லை வேகவைத்தால் அதை உருவாக்கும் நொதி செத்துவிடும். நசுக்காமல் விழுங்கினால் இரைப்பை அமிலம் நொதியை முடக்கும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், பச்சிளங்குழந்தைகளுக்குப் பெர்பெரின் கூடாது: குழந்தையின் மஞ்சள்காமாலை மூளையைப் பாதிக்கும் அளவுக்கு முற்றலாம். சைக்ளோஸ்போரின் (நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்து) எடுப்பவர்களுக்கு அம்மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும்.

எதை எடுத்தாலும் உயிர் காப்பது நீரேற்றம்தான். ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டாதீர்கள், ஆபத்து. மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் வற்றுதல் இருந்தால் மூலிகையை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.