அந்தக் குதிரை அவருக்கு எப்படி வந்தது?

கேள்வி: அயர்லாந்து ஜாக்கி ரேச்சல் பிளாக்மோர் ஓய்வு பெற்றதற்கு ஒரு பக்கம் முழுக்கப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். ஓடியது குதிரை, வேலி தாண்டியதும் குதிரை. நல்ல குதிரைகள் கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம். மேலே உட்கார்ந்திருந்ததற்கா இத்தனை புகழ்? ஓர் ஆண் இதையே செய்திருந்தால் எழுதியிருப்பீர்களா?
— வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: 'கிடைத்தது' என்கிறீர்களே, அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. யார் கொடுத்துக் கிடைத்தது? எப்போது கிடைத்தது? பிளாக்மோர் பந்தயத் திடலில் முதல் வெற்றி பெற்றது 2011 பிப்ரவரியில். 'கிரேடு ஒன்' எனப்படும் உயர்தரப் பந்தயம் ஒன்றை முதன்முதலாக வென்றது 2019 மார்ச்சில். நடுவில் எட்டு வருடம் இருக்கிறது. உங்கள் கேள்வி அந்த எட்டு வருடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டது. நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டிப்பெரரி மாவட்டத்தில் கில்லெனால் என்ற சிற்றூர். அப்பா பால் பண்ணைக்காரர், அம்மா ஆசிரியை. சின்ன வயதிலிருந்தே மட்டக்குதிரைச் சவாரி. 13 வயதில் கார்க் பக்கம் நடந்த ஒரு மட்டக்குதிரைப் பந்தயத்தில் பால் டவுனெண்ட் என்ற சிறுவனை முந்தினார். அந்தச் சிறுவன் பின்னாளில் அயர்லாந்தின் சாம்பியன் ஜாக்கி ஆனார். டவுனெண்ட் இளம் வயதிலேயே பெரிய லாயங்களில் சேர்ந்துவிட்டார். பிளாக்மோருக்கு அந்த வழி திறக்கவில்லை. லிமரிக் பல்கலைக்கழகத்தில் குதிரை அறிவியல் படித்தார். படித்துக்கொண்டே அமெச்சூராக, அதாவது தொழிலாக இல்லாமல், சவாரி செய்தார். தர்லஸ் திடலில் 'ஸ்டோஅவே பேர்ல்' என்ற குதிரையில் அந்த முதல் வெற்றி வந்தது. அதற்குப் பிறகும் வெற்றிகள் சொற்பம்தான்.

2015 மார்ச்சில் தொழில்முறை ஜாக்கி ஆகிறேன் என்று உரிமம் வாங்கினார். அப்போது வயது 25. அதே வயதில் ஆண் ஜாக்கிகள் சிலர் சாம்பியன் பட்டமே வாங்கியிருப்பார்கள். அவருக்கு முன்பு அயர்லாந்தில் பெரும் பெயர் எடுத்த பெண்கள் நீனா கார்பெரியும் கேட்டி வால்ஷும் கடைசி வரை அமெச்சூர்களாகவே இருந்தார்கள். மிகத் திறமையான அவர்களே தொழிலாக எடுத்துக்கொள்ளாத ஒன்றை, கையில் சொற்ப வெற்றிகளோடு இவர் எடுத்துக்கொண்டார். ஜான் ஹான்லன் என்ற பயிற்சியாளர்தான் தைரியம் கொடுத்தார். வேலி தாண்டி ஓடும் 'ஜம்ப்' பந்தய உலகம் அவரை 'ஷார்க்' என்று கூப்பிடும்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். தொழிலுக்குப் புதிதாக வரும் ஜாக்கிக்கு எடைச் சலுகை உண்டு. மற்றக் குதிரைகளைவிட அவருடைய குதிரை 7 பவுண்டு குறைவாகச் சுமந்தால் போதும். வெற்றிகள் கூடக் கூட அது 5 ஆகும், 3 ஆகும், பிறகு ஒன்றுமில்லாமல் போகும். சலுகை இருக்கும் வரை பயிற்சியாளர்கள் கூப்பிடுவார்கள். சுமை குறைகிறதே, கசக்குமா? சலுகை தீர்ந்த அன்றுதான் உண்மையான பரீட்சை. அதற்கு அப்புறம் போன் அடிப்பது நின்று, வேறு வேலை தேடிப் போன இளைஞர்கள் ஏராளம். பிளாக்மோர் 2016-17 சீசனில் புதிய ஜாக்கிகளுக்கான சாம்பியன் பட்டத்தை வென்றார். அயர்லாந்தில் ஒரு பெண் அதை வென்றது அதுதான் முதல் முறை. சலுகை போனது, போன் நிற்கவில்லை. பெண் என்பதற்காக அயர்லாந்திலோ பிரிட்டனிலோ ஒரு பவுண்டுகூடக் குறைப்பதில்லை. பிரான்ஸில் 2017-ல் பெண் ஜாக்கிகளுக்கு எடைச் சலுகை கொண்டுவந்தார்கள். பிளாக்மோர் தன் சாதனைகளைச் செய்த இடங்களில் அது கிடையாது.

சரி, நல்ல குதிரைகள் எப்படி வந்தன? 2018-ல் லிவர்பூல் அருகே ஏன்ட்ரீ திடலுக்குப் போகும் டாக்சி ஒன்றில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். ஒருவர் கிகின்ஸ்டவுன் என்ற பெரிய குதிரைப் பண்ணையைக் கவனித்துவந்த எடி ஓலியரி. இன்னொருவர் வாட்டர்ஃபோர்டு பயிற்சியாளர் ஹென்றி டி ப்ரோம்ஹெட். ரேச்சலை நம் குதிரைகளில் ஏற்றிப் பார்க்கலாமே என்றார் ஓலியரி. இதைத்தான் நீங்கள் அதிர்ஷ்டம் என்பீர்கள். ஆனால் பெரும் பணம் புரளும் தொழிலில் இருக்கும் இரண்டு பேர், வண்டியில் போகும்போது ஏன் அந்தப் பெயரை நினைத்தார்கள்? சின்னச் சின்னத் திடல்களில், மழையில், சகதியில், ஜெயிக்க வாய்ப்பே இல்லாத குதிரைகளை அவர் ஓட்டிய விதத்தை வருடக்கணக்காகப் பார்த்திருந்தார்கள். ஏழாவதாக வர வேண்டிய குதிரை நான்காவதாக வந்தால் பத்திரிகையில் வராது. பயிற்சியாளர் கண்ணில் படும்.

இப்போது 'மேலே உட்கார்ந்திருப்பது' பற்றி. முதலில், ஜாக்கி உட்காருவதே இல்லை. அங்கவடியில் கால் விரல்களை ஊன்றி, முழங்காலை மடக்கி, சேணத்துக்கு மேலே குந்திய நிலையில் தொங்குகிறார். சில பந்தயங்களில் நாலு மைலுக்கு மேல் அப்படியே போக வேண்டும். கீழே ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள விலங்கு மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. எதிரே நெஞ்சளவு உயர வேலி. அதற்கு இன்னும் எத்தனை பாய்ச்சல் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே கணக்கிட வேண்டும். கணக்கு அரைப் பாய்ச்சல் தவறினால் குதிரை வேலியின் மடியில் போய் நிற்கும், இல்லையென்றால் ரொம்ப முன்னாலேயே எழும்பி வேலி மேலேயே விழும். அதைத் தவிர்க்க, ஒன்று நடையை நீட்டச் சொல்ல வேண்டும், அல்லது சுருக்கச் சொல்ல வேண்டும். இதைக் கத்திச் சொல்ல முடியாது. லகானில் ஒரு இழை தளர்த்தல், முழங்காலில் ஒரு சிறு அழுத்தம், அவ்வளவுதான். கடைசி நேரத்தில் பதறிப் பிடித்து இழுக்கும் ஜாக்கியைக் குதிரை நம்பாது. பிளாக்மோரின் கைகள் அமைதியான கைகள். அவர் ஓட்டிய பந்தயங்களைப் பார்த்தால், வேலியை நெருங்கும்போது அவர் எதுவுமே செய்யாதது போல இருக்கும். உங்களுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் செல்டனம் திடலில் வருடாவருடம் நடக்கும் பெரிய ஜம்ப் பந்தய விழா, அதில் 2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாளில் ஆறு வெற்றி. விழாவின் தலைசிறந்த ஜாக்கி பட்டம் அவருக்கு. 'ஹனிசக்கிள்' என்ற பெண் குதிரையில் சாம்பியன் ஹர்டில் என்ற பெரிய பந்தயத்தை வென்றார். அதை வென்ற முதல் பெண் ஜாக்கி அவர்தான். அதே வாரத்தில் 'அல்லாஹோ' என்ற குதிரையைத் தொடக்கத்திலிருந்தே முன்னால் விட்டு, யாரையும் பக்கத்தில் வரவிடாமல், 12 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தார். சரியாக ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 10, ஏன்ட்ரீ திடலில் கிராண்ட் நேஷனல் பந்தயம். இங்கே இரவு 9.45 மணி. கொரோனாவால் திடலில் கூட்டமே இல்லை. 40 குதிரைகள், 30 வேலிகள், நாலேகால் மைலுக்கு மேல் தூரம். 'மினெல்லா டைம்ஸ்' குதிரையை அவர் அவசரப்படுத்தவே இல்லை. பின்னால் இழுத்துப் பிடிக்கவும் இல்லை. நெரிசலுக்குள் இடம் பார்த்து இடம் பார்த்து நகர்த்திக்கொண்டே வந்து, கடைசி வேலிக்கு வரும்போதுதான் முன்னால் விட்டார். ஆறரை நீளத்தில் வெற்றி. அல்லாஹோவை ஓட்டியது போல இதை ஓட்டியிருந்தால் பாதி வழியிலேயே மூச்சு வாங்கியிருக்கும். எந்தக் குதிரைக்கு எது வேண்டும் என்பது குதிரைக்குத் தெரியாது. மேலே இருப்பவருக்குத் தெரிய வேண்டும்.

1839-ல் தொடங்கிய பந்தயம் கிராண்ட் நேஷனல். 1977-ல் சார்லட் புரூ என்ற பெண் முதன்முதலாக அதில் கலந்துகொண்டார். 1982-ல் ஜெரல்டின் ரீஸ் முதன்முதலாக முடித்தார், எட்டாவது இடம். 2012-ல் கேட்டி வால்ஷ் மூன்றாவது. 2021-ல்தான் ஒரு பெண் முதலிடம். இதை எழுதக் கூடாதா? ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு அவரே அன்று பதில் சொல்லிவிட்டார். இறங்கியதும் மைக்கை நீட்டினார்கள். இப்போது நான் ஆணாகவும் உணரவில்லை, பெண்ணாகவும் உணரவில்லை, மனுஷியாகக்கூட உணரவில்லை என்றார். செல்டனத்தில் அவர் வாங்கியது பெண்களுக்கான பரிசு இல்லை. ஆண்களும் பெண்களும் ஒரே கோட்டில் நின்று ஓட்டும் பந்தயங்கள் அவை.

அதிர்ஷ்டமே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். 2022 மார்ச் 17-ம் தேதி செல்டனத்தில் அவருடைய 'பாப் ஓலிஞ்சர்' நன்றாகப் பின்தங்கிவிட்டது. முன்னால் டவுனெண்டின் 'கலோப்பின் தே ஷாம்ப்' தனியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வேலியைத் தாண்டி இறங்கும்போது அது தடுக்கி விழுந்தது. வெற்றி பிளாக்மோருக்கு. அது சுத்தமான அதிர்ஷ்டம்தான்.

ஆனால் அதற்கு முந்தைய வருடம் நடந்ததையும் பாருங்கள். செல்டனம் விழாவின் முதன்மைப் பந்தயம் கோல்டு கப். 2021-ல் அதில் டி ப்ரோம்ஹெட்டின் இரண்டு குதிரைகள். 2019-ல் யாரும் எதிர்பாராமல், ஒன்றுக்கு ஐம்பது என்ற பந்தய விலையில் பிளாக்மோருக்கு அந்த முதல் கிரேடு ஒன் வெற்றியைத் தந்த 'மினெல்லா இண்டோ' ஒன்று. 'ஆ ப்ளூ தார்' இன்னொன்று. பிரெஞ்சில் 'அப்புறம் பார்க்கலாம்' என்று அர்த்தம். எதில் ஏறுவது என்ற முடிவு அவர் கையில் இருந்தது. ஆ ப்ளூ தாரில் ஏறினார். அவர் விட்ட மினெல்லா இண்டோவில் ஜாக் கென்னடி ஏறி முதலில் வந்தார், இவர் இரண்டாவது. மிகப் பெரிய பந்தயம், தானே எடுத்த முடிவால் கைவிட்டுப் போனது. மறு வருடமும் அதே ஆ ப்ளூ தாரிலேயே ஏறினார்.

2021-ல் அவர் இழந்தது வெறும் கோல்டு கப் மட்டும் இல்லை. அந்த ஜூலையில் கில்லார்னி திடலில் விழுந்து கணுக்காலும் இடுப்பு எலும்பும் முறிந்திருந்தன. ஜம்ப் பந்தயத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஓடும். அது சம்பிரதாயத்துக்கு இல்லை. 2024 செப்டம்பரில் மறுபடி விழுந்து கழுத்தில் அடி, மூன்று மாதம் வீட்டில். டிசம்பரில் திரும்பினார். 2025 பிப்ரவரியில், பிளாக்மோர் முதல் வெற்றி பெற்ற அதே தர்லஸ் திடலில், மைக்கேல் ஓசல்லிவன் என்ற இளம் ஜாக்கி விழுந்தார். பத்து நாளில் இறந்துபோனார், வயது 24. அடுத்த மாதம் பிளாக்மோர் செல்டனத்துக்குப் போய், பத்து வயதான அந்தப் பாப் ஓலிஞ்சரிலேயே ஸ்டேயர்ஸ் ஹர்டில் வென்றார். இந்த முறை முன்னால் யாரும் விழவில்லை. சாம்பியன் ஹர்டில், கோல்டு கப், சாம்பியன் சேஸ், ஸ்டேயர்ஸ் ஹர்டில் என்று விழாவின் நான்கு பெரிய பந்தயங்களும் அதோடு முழுமையாயின. மே மாதம், 35 வயதில், போதும் என்று சொல்லிவிட்டார்.

குதிரைகளும் சாகின்றன. 2021 கிராண்ட் நேஷனலிலேயே 'தி லாங் மைல்' என்ற குதிரை காயப்பட்டுக் கருணைக் கொலை செய்யப்பட்டது. இப்போது அந்தப் பந்தயத்தில் 34 குதிரைகளுக்கு மேல் விடுவதில்லை. இந்த விளையாட்டே தேவையா என்று நீங்கள் கேட்டிருந்தால் நான் இவ்வளவு அடித்துப் பேசியிருக்க மாட்டேன், அது எனக்கும் உறுத்தும் கேள்வி. நீங்கள் கேட்டது அதிர்ஷ்டமா, திறமையா என்று. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 1996-ல் உச்ச நீதிமன்றமே குதிரைப் பந்தயம் முக்கியமாகத் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது. தீர்ப்பைப் படிக்க நேரமில்லை என்றால் ஒரு காரியம் செய்யுங்கள்.

2022 மார்ச் 18, கோல்டு கப். இணையத்தில் அந்த ஓட்டம் இருக்கிறது. கடைசிச் சுற்றில் திருப்பம் முடிந்து இறக்கத்தில் வரும்போது ஆ ப்ளூ தாருக்கு முன்னால் குதிரைகள் சுவர் போல நிற்கும், இடமே இருக்காது. வேறு யாராக இருந்தாலும் பதறி வெளியே இழுத்திருப்பார்கள். அவர் காத்திருக்கிறார். இடைவெளி திறந்ததும் நுழைந்து, கடைசி வேலியை ஒட்டி முந்தி, 15 நீளத்தில் ஜெயிக்கிறார். முந்தைய வருடம் அவரைத் தோற்கடித்த மினெல்லா இண்டோ இரண்டாவது. அந்தக் காத்திருக்கும் சில விநாடிகளில் குதிரையைப் பார்க்காதீர்கள். அவருடைய கைகளைப் பாருங்கள்.