சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை

அன்புள்ள ஐயா,

என் தந்தைக்கு 74 வயது. மெதுவாகப் பேசினால் மீண்டும் மீண்டும் "என்ன?" என்கிறார்; உரக்கச் சொன்னால் "ஏன் கத்துகிறாய்?" என்று கோபப்படுகிறார். கேட்கிறது, புரியவில்லை என்பதே அவருடைய பதில். அவர் கவனிப்பதில்லை என்று வீட்டில் குறைப்படுகிறார்கள். இது செவியின் குறையா, கவனத்தின் குறையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தந்தை சொல்வதை அப்படியே நம்புங்கள். நீங்கள் எழுதியுள்ள இரண்டு அறிகுறிகளும் முதுமையில் உட்செவிக்கு நேரும் ஒரே மாற்றத்தால் வரக்கூடியவை.

செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்செவியிலுள்ள காக்ளியாவுக்குக் கடத்துகின்றன. காக்ளியா ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுள்ள, திரவம் நிறைந்த குழல்; நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். அதன் நெடுகிலும் ஓடும் அடிச்சவ்வு வாயிலருகே ஒடுங்கி விறைப்பாகவும் நுனியை நோக்கி அகன்று தளர்வாகவும் இருப்பதால், கூர்மையான (உயர் சுருதி) ஒலிகள் வாயிலருகிலும் கனத்த (தாழ் சுருதி) ஒலிகள் நுனியருகிலும் உச்ச அதிர்வை எழுப்புகின்றன. இறந்தோரின் காக்ளியாவைத் திறந்து, நுண்ணோக்கியின் கீழ் இந்த அதிர்வு அலையாக ஓடுவதைக் கண்டவர் உயிரியற்பியலாளர் கியார்க் வான் பேக்கேஷி. 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அவர் கண்ட அலை மழுங்கலானது. உயிருள்ள செவி அதைவிட மிகக் கூர்மையாக ஒலிகளைப் பிரித்தறிகிறது. அதற்குக் காரணம் அடிச்சவ்வின் மேல் வரிசையாக நிற்கும், நுனியில் மயிர்போன்ற நுண்ணிழைகள் கொண்ட மயிர்ச்செல்கள். உள்வரிசையில் உள்ள சுமார் 3,500 செல்கள் மூளைக்குச் செய்தி அனுப்ப, வெளிவரிசைகளில் உள்ள சுமார் 12,000 செல்கள் அதிர்வுக்கு ஏற்ப நீண்டும் சுருங்கியும் மெல்லிய ஒலிகளைப் பெருக்கித் தருகின்றன. கேட்கும் உறுப்பே உழைத்து ஒலியை வளர்க்கிறது என்பது எனக்கு இன்றும் பெருவியப்பு. அந்த உழைப்பின்போது செவியிலிருந்து வெளிப்படும் நுண்ணிய ஒலியை 1978இல் டேவிட் கெம்ப் பதிவுசெய்து காட்டினார். இன்று பிறந்த குழந்தையின் செவித்திறனைச் சோதிக்க அதையே பயன்படுத்துகிறார்கள்.

முதுமையில் பெரும்பாலும் முதலில் அழிபவை வாயிலருகே உள்ள வெளிவரிசைச் செல்கள். கோழிகளுக்கு இழந்த மயிர்ச்செல்கள் மீண்டும் வளர்கின்றன, மனிதர்களுக்கு வளர்வதில்லை. உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் கனத்த ஒலிகளில் இருப்பதால் பேச்சின் உரப்பு அவருக்குக் குறையாமல் கேட்கும். மெய்களை, குறிப்பாக வல்லினத்தை, வேறுபடுத்தும் கூர்மையான ஒலிகள் நழுவிவிடுவதால் 'தட்டு' என்பதும் 'தப்பு' என்பதும் ஒன்றுபோலாகும். மெல்லிய ஒலியைப் பெருக்கும் செல்கள்தாம் போயினவே தவிர, பலத்த ஒலி உள்வரிசைச் செல்களை நேராகவே எட்டிவிடுகிறது. ஆகவே நீங்கள் குரலை உயர்த்தும்போது, கேளாமைக்கும் இரைச்சலுக்கும் இடையே அவருக்கு மிகக் குறுகிய இடைவெளியே மிஞ்சுகிறது. அவருடைய கோபம் நியாயமானது.

காதுக் குரும்பி அடைத்திருந்தாலும் கேள்வி குறையும் என்பதால், முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, எந்தெந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள். ஹியரிங் எய்ட் பரிந்துரைக்கப்பட்டால், எல்லா ஒலியையும் ஒரே அளவில் உயர்த்தும் மலிவான கருவியை வாங்க வேண்டாம். அந்த ஆடியோகிராமுக்கு ஏற்ப, இழந்த அலைவரிசைகளை மட்டும் உயர்த்தி, பலத்த ஒலியைக் கட்டுப்படுத்தும்படி அமைக்கப்பட்டதே அவருக்கு உதவும். அதுவரை தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அவர் உங்கள் உதடுகளைப் பார்க்கும்படி எதிரே அமர்ந்து, இயல்பான குரலில் சற்று நிதானமாகப் பேசுங்கள்.