ஸ்ட்ராட் வடிவில் கிட்டார் செய்து விற்றால் வக்கீல் நோட்டீஸ் வருமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஐடி வேலையில் இருக்கிறேன். வார இறுதியில் கராஜில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்வது பொழுதுபோக்கு. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராடோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்), கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால், ஃப்ளையிங் வி மாதிரிகளில் சிலவற்றைச் செய்து நண்பர்களுக்குக் கொடுத்தேன். இப்போது என் சொந்த பிராண்டில் ஆன்லைனில் விற்க ஆசை. "வடிவத்தைப் பத்து சதவீதம் மாற்றினால் போதும், யாரும் கேட்க முடியாது" என்கிறார் ஒரு நண்பர். "கிப்சன் கேஸ் போட்டுவிடும், வம்பே வேண்டாம்" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? விளம்பரத்தில் 'ஸ்ட்ராட்' என்று எழுதலாமா? சென்னையில் மச்சான் வைத்திருக்கும் கடைக்கும் இரண்டு மூன்று அனுப்பலாமா? ஆசைக்காக ஒரு கிட்டாரில் ஃபெண்டர் லோகோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். அதை என்ன செய்வது?

பதில்: முதல் நண்பரின் பேச்சை இன்றோடு மறந்துவிடுங்கள். பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று எந்த நாட்டு டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) சட்டத்திலும் கணக்கு கிடையாது. வாங்குகிறவர் இது யாருடைய தயாரிப்பு என்று குழம்புவாரா என்பதுதான் நீதிமன்றம் பார்ப்பது. ஒரு வளைவை அரை அங்குலம் தள்ளிப் போட்டும் குழப்பம் அப்படியே இருக்கலாம். அச்சு அசலாகச் செய்தும் குழப்பமே இல்லை என்று தீர்ப்பு வரலாம். இரண்டாவது நண்பர் சொல்வதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பது, நீங்கள் கிட்டாரின் எந்தப் பகுதியை யாரிடமிருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பெயர், ஹெட்ஸ்டாக் (கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி), பாடி (உடல்பகுதி). ஆபத்தும் இதே வரிசையில்தான் குறைகிறது. பலர் பாடி வடிவத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், ஆனால் சுலபமாக மாட்டிக்கொள்வது முதல் இரண்டில்.

பெயர் விஷயத்தில் பேச்சே இல்லை. ஸ்ட்ராடோகாஸ்டர், ஸ்ட்ராட், டெலிகாஸ்டர், டெலி எல்லாம் ஃபெண்டரின் பதிவு பெற்ற சின்னங்கள். லெஸ் பால், ஃப்ளையிங் வி, எஸ்ஜி கிப்சனுடையவை. பெயர் தகராறு இந்தத் தொழிலுக்குப் புதிதும் அல்ல. ஃபெண்டரே ஒரு காலத்தில் அந்தப் பக்கம் நின்றது. 1950இல் அது 'பிராட்காஸ்டர்' என்ற பெயரில் ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தது. அதே உச்சரிப்பில், ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்தில் கிரெட்ச் நிறுவனம் டிரம் விற்றுக்கொண்டிருந்தது. 1951 தொடக்கத்தில் கிரெட்ச் ஆட்சேபம் தெரிவித்ததும், ஃபெண்டர் தொழிற்சாலையில் ஸ்டிக்கரில் இருந்த 'பிராட்காஸ்டர்' பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் ஒட்டி கிட்டார்களை அனுப்பினார்கள். மாடல் பெயரே இல்லாத அந்தக் கிட்டார்களை இன்று 'நோகாஸ்டர்' என்று கொண்டாடி, எக்கச்சக்க விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதன்பின் வைத்த பெயர்தான் டெலிகாஸ்டர். அரை நூற்றாண்டு கழித்து கிரெட்ச் கிட்டார்களின் தயாரிப்பும் விநியோகமும் ஃபெண்டர் கைக்கே வந்தது தனிக் கதை.

ஆகவே விளம்பரத் தலைப்பில் 'ஸ்ட்ராட்' வேண்டாம். 'எஸ் டைப்', 'டி டைப்', 'சிங்கிள்கட்' என்று இந்த வட்டாரத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள்; வாங்குகிறவருக்கும் புரிகிறது. 'ஸ்ட்ராடோகாஸ்டர் அளவுள்ள பிரிட்ஜ் இதில் பொருந்தும்' என்று உள்ளே ஒரு வரி தகவலாக எழுதுவது வேறு. இன்னொருவர் பொருளைக் குறிப்பிட அவர் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. உங்கள் பொருளுக்கே அந்தப் பெயரைச் சூட்டும்போதுதான் சிக்கல்.

அடுத்தது ஹெட்ஸ்டாக். கிட்டார் யார் செய்தது என்று ரசிகர்கள் முதலில் பார்ப்பது தலையைத்தான். நிறுவனங்களுக்கும் இது தெரியும் என்பதால் கடுமையாகக் காக்கிறார்கள். 1977இல் அன்றைய கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மீது பிலடெல்பியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஜப்பானில் செய்த லெஸ் பால் நகல்கள் சந்தையில் குவிந்திருந்த நேரம் அது. ஆனால் வழக்கின் மையம் பாடி அல்ல; விரித்த புத்தகம்போல நடுவில் பள்ளம் விழும் கிப்சன் ஹெட்ஸ்டாக். வழக்கு வரும்போதே ஐபனெஸ் தன் ஹெட்ஸ்டாக் வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. 1978இல் சமரசமாக முடிந்தது. இன்று ஆன்லைனில் 'லாசூட் கிட்டார்' (வழக்குக் கிட்டார்) என்று பழைய ஜப்பான் கிட்டார்களை ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கிறார்களே, பெயர் வந்தது இந்த ஒரே வழக்கிலிருந்துதான். அந்தப் பட்டத்தோடு விற்கப்படும் பெரும்பாலான கிட்டார்களுக்கும் அந்த வழக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கேட்பவரிடம் நன்றாக யோசித்துப் பணம் கொடுங்கள்.

ஃபெண்டரின் ஹெட்ஸ்டாக் வடிவங்களும் பதிவானவை. வார்மாத் போன்ற நிறுவனங்கள் அந்த வடிவத் தலையோடு கூடிய நெக்குகளை (கழுத்துப் பகுதிகளை) விற்பது ஃபெண்டரிடம் உரிமம் வாங்கி. அதில் ஒன்றை வாங்கி உங்கள் பழைய ஃபெண்டருக்குப் போட்டுக்கொள்வதற்குத்தான் அந்த ஏற்பாடு. அதை மாட்டி உங்கள் பிராண்டில் புதிய கிட்டாராக விற்கும் உரிமை அதோடு சேர்ந்து வராது. நான் சொல்வது: சொந்தமாக ஒரு ஹெட்ஸ்டாக் வரையுங்கள். ஒரு மாலை நேர வேலை. பின்னால் வரக்கூடிய பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

சரி, பாடிக்கு வருவோம். இங்கே ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி வரலாறு.

ஸ்ட்ராட், டெலி, பிரிசிஷன் பேஸ் என்ற பேஸ் கிட்டார் ஆகிய மூன்றின் பாடி வடிவங்களையும் டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய ஃபெண்டர் 2003இல் விண்ணப்பித்தது. டெலி வடிவம் 1950இலும் பிரிசிஷன் பேஸ் 1951இலும் ஸ்ட்ராட் 1954இலும் சந்தைக்கு வந்தவை. அரை நூற்றாண்டு தாமதம்! பேஸ் தயாரிப்பாளர் ஸ்டூவர்ட் ஸ்பெக்டரின் நிறுவனம் உட்படப் பலர் சேர்ந்து எதிர்த்தார்கள். 2009இல் அமெரிக்க டிரேட்மார்க் மேல்முறையீட்டு வாரியம் ஃபெண்டரின் கோரிக்கையை நிராகரித்தது. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேர் இதே வடிவில் செய்து விற்றுவிட்டார்கள், பார்த்ததும் ஃபெண்டர் என்று மக்கள் நினைப்பதாக நிரூபிக்கவில்லை என்பது காரணம். ஸ்ட்ராட் வடிவம் எவ்வளவு பொதுவாகிவிட்டது என்பதற்கு வாரியம் காட்டிய உதாரணம் சுவையானது: ஓர் அகராதியில் 'எலெக்ட்ரிக் கிட்டார்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் படமாகப் போட்டிருந்ததே அந்த வடிவம்தான். ஆக, அமெரிக்காவில் டிரேட்மார்க் கோணத்தில் ஸ்ட்ராட், டெலி பாடிகளை நீங்கள் செய்யலாம்.

லெஸ் பால் அப்படியல்ல. ஒரு பக்கம் மட்டும் வெட்டுள்ள அந்த வடிவத்தை கிப்சன் 1993இல் பதிவு செய்துவிட்டது. பால் ரீட் ஸ்மித், சுருக்கமாக பிஆர்எஸ், 2000இல் 'சிங்கிள்கட்' மாடலை வெளியிட்டதும் வழக்கு வந்தது. 2004இல் விசாரணை நீதிமன்றம் கிப்சன் பக்கம் தீர்ப்புச் சொல்லி விற்பனைக்குத் தடையும் போட்டது. 2005இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அப்படியே புரட்டியது. கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குபவர் குழம்பமாட்டார் என்று கிப்சனே ஒப்புக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த வாதம், புகை மண்டிய பாரில் தூரத்து மேடையில் யாரோ வாசிக்கும்போது பார்ப்பவர் குழம்புவார் என்பது. நீதிமன்றம் ஏற்கவில்லை. தூரத்தில் பார்த்தால் எல்லா கிட்டாரும் ஓரளவு ஒன்றுபோலத்தான் தெரியும்; அதை வைத்து உரிமை கொடுத்தால் சின்னமாகப் பதிவான எந்த வடிவத்தையும் யாரும் நெருங்கவே முடியாது. மட்டமான நகலால் தன் பெயர் கெடும் என்றும் கிப்சனால் சொல்ல முடியவில்லை. பிஆர்எஸ் கிட்டார் மட்டம் என்று யார்தான் சாதிப்பது? 2006இல் உச்ச நீதிமன்றமும் கிப்சன் மனுவை எடுத்துக்கொள்ள மறுத்தது.

இதைப் படித்துவிட்டு லெஸ் பால் வடிவம் எல்லோருக்கும் திறந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பதிவு ரத்தாகவில்லை. 2024 நவம்பரில் டிரம்ப் பெயரில் கிட்டார் விற்கத் தொடங்கியவர்களுக்கே கிப்சன் நோட்டீஸ் அனுப்பியது. உங்களுக்கு அனுப்ப யோசிக்கவா போகிறார்கள்?

ஃப்ளையிங் வியில்தான் இன்றைக்குச் சண்டை உக்கிரம். 1958இல் வந்த வடிவம். டீன் கிட்டார்களைச் செய்யும் ஆர்மடில்லோ நிறுவனத்தின் மீது கிப்சன் 2019இல் டெக்சாஸில் வழக்குப் போட்டது. டீன் தன் 'வி' கிட்டாரை 1970களிலிருந்தே விற்றுவருகிறது என்பதை நினைவில் வையுங்கள். 2022இல் ஜூரி பெரும்பாலும் கிப்சனுக்குச் சாதகமாகச் சொன்னது. ஆனால் கிடைத்த இழப்பீடு வெறும் 4,000 டாலர். இத்தனை வருடம் சும்மா இருந்தது தப்பு என்றும் ஜூரி சொன்னது. 2023இல் ஐந்தாவது வட்டார நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையும் ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. காரணம், 1992க்கு முன்னால் மற்ற நிறுவனங்கள் இதே வடிவங்களில் செய்து விற்ற ஆதாரங்களை ஜூரி பார்க்கவே விடவில்லை என்பது. ஐரோப்பாவில் இன்னொரு முடிவு: 2019 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம், 1958இல் அது அசாத்தியமான வடிவமாக இருந்திருக்கலாம், ஆனால் பதிவுக்கு விண்ணப்பித்த 2010இல் சந்தையில் 'வி' கிட்டார் சகஜமாகிவிட்டது என்று சொல்லி அந்தச் சின்னம் செல்லாது என்பதை உறுதி செய்தது.

எல்லா வழக்கிலும் ஓடும் இழை தெரிகிறதா? வடிவத்தை முதலில் யார் கண்டுபிடித்தது என்பதல்ல கேள்வி. பிறகு மற்றவர்கள் செய்தபோது உரிமையாளர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே. பொருளின் வடிவத்துக்கு டிரேட்மார்க் வேண்டுமென்றால், பார்த்தவுடன் மக்கள் மனதில் அந்த நிறுவனம் வர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. நாற்பது வருடம் தூங்கிவிட்டு எழுந்தவருக்கு அதை நிரூபிப்பது கஷ்டம். இப்போது நிறுவனங்கள் சின்னச் சின்ன ஆட்களுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்புவதன் காரணமும் இதுதான். அது பேராசை மட்டுமல்ல. பேசாமல் இருந்தால் உரிமை கரையும் என்று சட்டமே அவர்களை விரட்டுகிறது.

ஆனால் சட்டத்தில் ஜெயிக்க முடியும் என்பது வேறு, ஜெயிக்கும்வரை தாக்குப்பிடிப்பது வேறு. பிஆர்எஸ் ஜெயிக்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் சிங்கிள்கட் விற்பனையே நின்றது. கராஜில் வேலை செய்யும் உங்களுக்கு அந்தப் பலம் கிடையாது. அதனால் என் யோசனை: ஸ்ட்ராட், டெலி பாடியைத் தாராளமாகச் செய்யுங்கள். லெஸ் பால் சாயலும் 'வி'யும் வேண்டுமென்றால் கொம்பையும் வெட்டையும் உங்கள் கைப்பட வரைந்து, பார்த்தால் தனி மாடலாகத் தெரியும்படி மாற்றுங்கள். ரிக்கன்பேக்கர் என்ற கிட்டார் நிறுவனத்தின் வடிவங்கள் பக்கமே போகாதீர்கள். நகல்களைத் துரத்துவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

நோட்டீஸ் வந்துவிட்டால் பயந்துபோய் ஒரே நாளில் பதில் எழுதாதீர்கள். சமூக ஊடகத்திலும் புலம்பாதீர்கள். குறிப்பிட்ட பதிவு எண்ணை அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகத்தின் இலவசத் தேடலில் போட்டு, அதில் வரைந்திருப்பது பாடியா, ஹெட்ஸ்டாக்கா, பெயரா என்று பாருங்கள். விற்பனையை நிறுத்தி வைத்துவிட்டு ஒரு டிரேட்மார்க் வக்கீலிடம் காட்டுங்கள். பெரும்பாலும் 'இந்த மாடலை இனி செய்யமாட்டேன்' என்ற அளவில் முடிந்துவிடும். 'இதுவரை செய்தது தவறு' என்று ஒப்புக்கொள்ளும் வாசகம் இருந்தால் மட்டும் கவனமாக இருங்கள்.

உங்கள் பிராண்ட் பெயரையும் பதிவு செய்துவிடுங்கள். இசைக் கருவிகள் 15ஆம் வகுப்பு. அமெரிக்காவில் ஒரு வகுப்புக்கு அடிப்படைக் கட்டணம் 350 டாலர். நிஜமாகவே புதிய பாடி வடிவம் ஒன்று கைவந்தால் டிசைன் பேட்டன்ட் (பொருளின் தோற்றத்துக்கான காப்புரிமை) பற்றி யோசிக்கலாம். 15 வருடப் பாதுகாப்பு. வெளியிட்ட ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

மச்சான் கடை: டிரேட்மார்க் உரிமை நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்காவில் ஃபெண்டர் பாடி விஷயத்தில் தோற்றது இந்தியாவில் உங்களைக் காப்பாற்றாது, அதேபோல் இங்குள்ள பதிவு அங்கே தானாகச் செல்லாது. இந்தியாவின் 1999 சட்டமும் பொருளின் வடிவத்தைச் சின்னமாக ஏற்கிறது. பொருளின் இயல்பாலேயே அமைந்த வடிவம், தொழில்நுட்பப் பயனுக்கு அவசியமான வடிவம், பொருளுக்குக் கணிசமான மதிப்பைத் தரும் வடிவம் ஆகியவற்றை மட்டும் ஏற்காது. அனுப்பும் முன் மச்சானை இந்திய டிரேட்மார்க் தளத்தில் 15ஆம் வகுப்பைத் தேடச் சொல்லுங்கள். பொய்ச் சின்னம் ஒட்டிய பொருளை விற்றால் அங்கே ஆறு மாதம் முதல் மூன்று வருடம்வரை சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது, மாட்டப்போவது கடைக்காரர்.

இது அந்த ஃபெண்டர் ஸ்டிக்கருக்கும் பொருந்தும். வீட்டில் வைத்து வாசிக்கும்வரை யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. ஆனால் அது விற்பனைக்குப் போகும் நிமிடமே பொருள் போலியாகிவிடும். அமெரிக்கச் சட்டத்தில் போலிச் சின்னத்துக்கு, ஒரு சின்னம், ஒரு வகைப் பொருளுக்கு 1,000 டாலரிலிருந்து 2 லட்சம் டாலர்வரை இழப்பீடு. வேண்டுமென்றே செய்ததாக இருந்தால் 20 லட்சம் டாலர்வரை போகலாம். 'இது நகல்தான்' என்று விளம்பரத்தில் நேர்மையாக எழுதினாலும் தப்பிக்க முடியாது, ஏனென்றால் உங்களிடம் வாங்கியவர் நாளை அதை அசலாக விற்கலாம். இந்த வாரமே ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்து, ஹெட்ஸ்டாக்கை உங்கள் வடிவத்துக்கு வெட்டி, மேலே புது லாக்கர் அடித்துவிடுங்கள். அப்புறம் அதை விற்கவும் செய்யலாம்.